பதினொரு ஆமாம், ஓர் இல்லை

கயல்விழிக்கு வேலை கிடைத்தபோது அவள் கணவன் பாலகுமார் மைசூர்பாகு வாங்கி வந்து தெரு முழுக்கக் கொடுத்தான். கொடுக்கும்போதே, "நாலு நாள் தாங்கினா பெருசு. இவளுக்கு எங்க இதெல்லாம்?" என்று எல்லாரிடமும் சொல்லியும் வைத்தான். இரண்டையும் ஒரே சிரிப்போடுதான் செய்தான். கெட்ட மனுஷன் என்று அவனை யாரும் சொல்லிவிட முடியாது. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், மனைவியை மட்டம் தட்டாமல் ஒரு வாய் காபிகூடக் குடிக்க மாட்டான்.

இது நடந்தது 2006-இல். குடும்பங்களைப் பற்றிப் பெரிய ஆய்வு ஒன்று. வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் கேள்வி கேட்டுத் தாளில் குறிக்க வேண்டும். சிதம்பரத்தில் ஐந்து நாள் பயிற்சி. பி.ஏ. முடித்துவிட்டு எட்டு வருஷம் அடுப்படியிலேயே கிடந்தவளுக்கு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபோது கண் கலங்கிவிட்டது. தாள்கள் சரியில்லையென்றால் மேற்பார்வையாளர் ஜான்சி மேடம் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம். அனுப்பினால் பாலகுமார் சொன்னதுதான் சரி என்றாகிவிடும்.

தாளின் கடைசிப் பகுதிதான் சிக்கல். உங்கள் கணவர் நாலு பேர் முன்னால் உங்களை அவமானப்படுத்துகிறாரா? ஏதாவது செய்துவிடுவேன் என்று மிரட்டுகிறாரா? உங்களை நீங்களே தாழ்வாக நினைக்கும்படி பேசுகிறாரா? அடிக்கடியா, எப்போதாவதா, இல்லையா? மாவட்டத்தில் எத்தனை வீட்டில் இது நடக்கிறது என்று கணக்கெடுக்கிறார்கள். இந்தப் பகுதியைப் பெண்ணைத் தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும். ஆண்கள் யாராவது எட்டிப் பார்த்தால், உடனே பேச்சை மாற்றி, சமையலுக்கு என்ன உப்பு வாங்குகிறீர்கள் என்று கேட்கும்படி சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அவளுக்கு விழுந்த இடம் கடலூர் தேவனாம்பட்டினம். பாலகுமார் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் என்பதால் அவனுக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. "தனியா விட்டா நீ பாண்டிச்சேரி போய் நிப்ப" என்று பைக்கில் அவனே கொண்டுவந்து இறக்கிவிட்டு, டீக்கடையில் உட்கார்ந்துகொண்டான்.

முதல் நாள் ஒன்பது வீடு. கடல் கொந்தளிப்பாக இருந்ததால் ஒரு படகும் போகவில்லை, ஆண்கள் அத்தனை பேரும் வீட்டில். எந்த வீட்டிலும் பெண்ணுக்குக் கேள்வி போய்ச் சேரவில்லை. ஜன்னலிலிருந்தும் கொல்லையிலிருந்தும் புருஷன்மார்களே பதில் சொன்னார்கள். "அதெல்லாம் இங்க கெடையாது மேடம்! ஏய், சொல்லுடி, கெடையாதுன்னு." அவள் உப்புக்குத் தாவினாள். உப்புக்கும் அவர்களே பதில் சொன்னார்கள். ஒன்பது வீட்டுக்கும் ஒன்பது 'இல்லை'.

இரண்டாம் நாள் காலை அவள் தெருவுக்குள் நுழைந்ததும் ஆண்கள் கும்பலாக எதிர்கொண்டு அழைத்தார்கள். ஒருவர் நாற்காலி போட்டார், ஒருவர் கலர் சோடா உடைத்தார். மனைவிமார்கள் தலை சீவிப் பூ வைத்து வரிசையில் நின்றிருந்தார்கள். எல்லாம் பாலகுமார் செய்த வேலை. முந்தின நாள் டீக்கடையில், "அவளுக்கு என்ன தெரியும், என்னைக் கேளுங்க. இந்தக் கணக்கு நேரா மேல போவுது. பாதிப்பு இருக்கற வீட்டுக்கு ஏதாச்சும் வரும்" என்று அவன் அளந்துவிட்டிருந்தான்.

சுனாமி வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்த ஊர் அது. அதுவரை தாளோடு வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு விட்டுப் போனதில்லை. பெயர் எழுதினால் பாய் வந்தது, இன்னொரு முறை எழுதினால் அடுப்பு வந்தது, வலை வந்தது. நேற்று 'இல்லை' என்று சொல்லிக் கெடுத்துக்கொண்டோமே என்று ராத்திரியெல்லாம் தெருவே புலம்பியிருக்கிறது.

"நான் ரொம்ப மோசம் மேடம்" என்றார் பொன்னுரங்கம் பெருமையாக. "நாலு பேரு இல்ல, நாப்பது பேரு முன்னாடி பேசுவேன். பட்டம்மா, சொல்லு!"

"ஆமாம்மா, ரொம்ப ஜாஸ்தியா பேசுவாரு" என்று பட்டம்மாள் ஒப்பித்துவிட்டுப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். சரியாகச் சொன்னோமா என்ற பயம் அவளுக்கு.

அப்படியே அன்றைக்குப் பதினொரு புது வீட்டில் ஆமாம். பன்னிரண்டாவது வீடு பக்கிரியுடையது. அவர் மனைவி மங்கலம் மட்டும் முறுக்கிக்கொண்டாள்.

"எங்க வீட்ல அப்படி இல்லைம்மா" என்றாள்.

பக்கிரிக்கு ஏறிவிட்டது. "அறிவு இருக்காடி ஒனக்கு? உன்ன நாலு பேரு முன்னாடி கேவலமா பேசறேன்னு சொல்லுன்னு எத்தினி தபா சொல்லிக்குடுத்தேன், மரமண்டை! மாடு மாதிரி முழிக்கறா பாரு. இவள கட்டிக்கினு நான் என்னத்த கண்டேன்!"

தெருவே சுற்றி நின்று பார்த்தது. மங்கலத்தின் முகம் சிவந்து, கண் நிறைந்துவிட்டது. கயல்விழி சட்டென்று, "என்ன உப்பு வாங்குறீங்க?" என்றாள். பக்கிரி உப்பையும் அவரே சொல்லிவிட்டு, வெறுத்துப்போய் வெளியே கிளம்பினார். வேடிக்கை பார்த்த கூட்டமும் அவர் பின்னாலேயே கலைந்தது.

"இப்ப சொல்லுங்கக்கா. யாரும் இல்ல" என்றாள் கயல்விழி மெதுவாக.

மங்கலம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இல்லைன்னே எழுதிக்கம்மா. அவரு ஏதாச்சும் கெடைக்கட்டும்னுதான பேசறாரு. இதெல்லாம் ஒரு பேச்சா?"

சொன்ன பதிலைத்தான் எழுத வேண்டும், பார்த்ததை எழுதக் கூடாது. அதுதான் விதி. கயல்விழி 'இல்லை'யைச் சுழித்தாள். அன்றைக்கு அந்த அவமானத்தை அவள் தன் கண்ணால் பார்த்தது அந்த ஒரு வீட்டில்தான்.

மாலையில் புயல் பாதுகாப்புக் கூடத்தின் வாசலில் ஜீப்பை நிறுத்தி, ஜான்சி மேடம் தாள்களைப் புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் மாறியது. "நேத்து ஒன்பதும் இல்ல. இன்னைக்குப் பதினொன்னு அடிக்கடி. வீட்ல உக்காந்து நிரப்பினியா கயல்? இந்த ஒரு தாளுதான் நெஜமா கேட்டு எழுதின மாதிரி இருக்கு." அவர் தூக்கிக் காட்டியது மங்கலத்தின் தாள்.

கயல்விழிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "எல்லாத்தையும் கேட்டுத்தான் மேடம் எழுதினேன்."

"நீ எப்படிக் கேக்கறன்னு நான் பாக்கறதுக்கு முன்னாடி, எப்படிப் பதில் சொல்லுவாங்கன்னு உனக்குப் புரியட்டும். நான் கேக்கறேன், நீ சொல்லு. உன் வீட்டுக்காரர் நாலு பேர் முன்னாடி உன்னை அவமானப்படுத்தற மாதிரி ஏதாவது சொல்றதுண்டா?"

"இல்ல மேடம்" என்றாள் கயல்விழி. யோசிக்கவே இல்லை. மங்கலம் சொன்ன அதே வேகம்.

பைக்கில் சாய்ந்து நின்றிருந்த பாலகுமார் குரல் கொடுத்தான். "மேடம், கொஞ்சம் மெதுவா கேளுங்க. இவளுக்கு எதையும் ரெண்டு வாட்டி சொன்னாத்தான் மண்டையில ஏறும். இவள எடுத்த உங்களத்தான் சொல்லணும்!" ஜீப் டிரைவர் சிரித்தார். எதிரே டீக்கடைக்காரரும் சிரித்தார்.

ஜான்சி மேடத்தின் பேனா நின்றது. "சார், கொஞ்சம் தள்ளிப் போங்க" என்றார். அவன் தோளைக் குலுக்கிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தான்.

கயல்விழிக்குக் காது இரண்டும் சுட்டன. எட்டு வருஷமாகச் சுட்ட காது. ஆனால் அதைக் கேள்வியாக யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"மேடம், பதிலை மாத்திக்கலாமா?"

"ம்."

"அடிக்கடி" என்றாள்.

ஜான்சி மேடம் பேனாவை மூடினார். "உன் வீடு சாம்பிள்ல இல்லையே கயல். எழுதினாலும் கணக்குல சேராது."

"சேர வேணாம் மேடம். கேட்டீங்க, சொன்னேன்."

"சரி. இந்தத் தெருவ மொத்தமும் திரும்ப எடுக்கணும். நாளைக்குக் கடல் அடங்கிடுமாம், ஆம்பளைங்க இருக்க மாட்டாங்க. நீயே எடு. புதுத் தாள் ஜீப்புல இருக்கு, வாங்கிக்க."

கயல்விழி நகர்வதற்குள் பாலகுமார் வேகமாக வந்துவிட்டான். "என்னவாம்? வேலை போச்சா?"

"போகல."

"என்னதான் கேட்டாங்க?"

பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, ஒரு சொல் கூடாமல் குறையாமல், முகத்தில் எதையும் காட்டாமல் கயல்விழி அந்தக் கேள்வியை முழுசாகச் சொன்னாள். பாலகுமார் அப்பாவியாகச் சிரித்தான். உண்மையிலேயே அவனுக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"இதுக்கா இவ்ளோ நேரம்? இல்லைன்னு சொல்லிட்டு வர வேண்டியதுதான?"

"அது உங்களைக் கேக்குற கேள்வி இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, கயல்விழி புதுத் தாள் வாங்க ஜீப்பை நோக்கி நடந்தாள்.