கரையடியில் ஈரம்

மதுவந்தி வரைகிற படங்களில் தென்னை ஓலையின் ஒவ்வொரு கீற்றும் தனித்தனியாகத் தெரியும். தஞ்சாவூரில் பல் மருத்துவர் அவள். வாரமெல்லாம் சொத்தைப் பல்லைக் குடைந்து அடைக்கிற கை, வாட்டர் கலர் பிரஷ்ஷைப் பிடித்தாலும் அதே கவனத்தோடுதான் நகரும்.

"நல்லாத்தான் இருக்கு மது. ஆனா பாக்கறவங்களுக்கு மூச்சு முட்டுது," என்பாள் கமருன்னிஸா.

கமருன்னிஸா ஐயம்பேட்டைக்காரி. கடைவாய்ப் பல் வலி என்று கிளினிக்குக்கு வந்தவள், சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்ததும் வீங்கிய கன்னத்தோடு அதைப் பற்றியே பேச ஆரம்பித்துவிட்டாள். அவளும் வரைகிறவள். அன்றிலிருந்து மதுவுக்கு அவள் கமர் அக்கா. அவள் கணவர் ஃபாஜில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். நாலைந்து நாளாக மழை விட்டிருந்த ஒரு ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தக் கடையிலிருந்து ஒரு பை நிறைய பெயிண்ட் பிரஷ்களை அள்ளிக்கொண்டு வந்திருந்தாள். கதவுக்கு வார்னிஷ் அடிக்கிறது, கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறது, எல்லாமே பட்டை பிரஷ்கள்.

"இதுலயாக்கா வரையப் போறோம்?"

"வரைஞ்சுதான் பாப்போமே. இதுல உனக்கு ஓலைக் கீத்து போட முடியாதுல்ல, அதுக்குத்தான்."

ஐயம்பேட்டைக்குத் தெற்கே வயல்களுக்கு நடுவே போகும் தார் ரோட்டில் ஒரு மதகு உண்டு. ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு மதகின் கட்டைச் சுவரில் இருவரும் உட்கார்ந்தார்கள். எதிரே சம்பா வயல். அதில் பெண்கள் வரிசையாகக் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வயலுக்கு அந்தப் பக்கம் ஆற்றுக்கரை நீளமாகப் பழுப்பாக மேடிட்டுக் கிடந்தது. கரைக்கு அப்பால் ஆறு நிறைந்து போகிறது என்று வழியில் டீக்கடையில் சொன்னார்கள். மதகிலிருந்து பார்த்தால் தண்ணீர் தெரியவில்லை.

முதலில் சுண்ணாம்பு பிரஷ். தண்ணீரில் முக்கி எடுத்து ஒரு இழுப்பு இழுத்ததும் காகிதம் குளமாகிவிட்டது. நீலம் படம் வரையும் பலகையை விட்டு வழிந்து மதுவின் சுடிதாரில் சொட்டியது. வரைந்த வானம் முழுக்க பிரஷ் மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

கமருன்னிஸா சிரித்துச் சிரித்து மதகைப் பிடித்துக்கொண்டாள். "உதறிட்டு வைக்கணும் புள்ள! இது வாளித் தண்ணியக் குடிக்கிற சாமான்."

கேட் பிரஷ்ஷும் சரிப்படவில்லை. விளக்குமாறு போலக் கோடு கோடாக இழுத்தது. வார்னிஷ் பிரஷ்தான் கைக்கு வந்தது. மயிர் கொஞ்சம் மெத்தென்றிருந்தது. உதிர வேண்டியதை முன்பே பிடுங்கி எறிந்துவிட்டு, மது புதுக் காகிதத்தைக் கிளிப்பில் மாட்டினாள்.

"கண்ணச் சுருக்கிப் பாரு," என்றாள் கமருன்னிஸா. "மரம், ஆளு, எதையும் பாக்காத. எது வெளுப்பு, எது கருப்பு, அவ்வளவுதான்."

மது கண்ணைச் சுருக்கினாள். வானம் ஒரு வெளுப்பு. கரை ஒரு பழுப்புப் பட்டை. வயல் ஒரு பச்சை. மூன்றே இழுப்பில் மூன்றும் வந்துவிட்டன. அவளுக்கே நம்ப முடியவில்லை. கரைக்கு அடியில் ஒரு இடத்தில் மட்டும் கருப்பாகத் திட்டாக இருந்தது. ஈரம் காயாத பழுப்பில் பிரஷ்ஷின் முனையால் கொஞ்சம் கருநீலத்தைத் தொட்டு வைத்தாள். அது தானாகப் பரவி, ஓரம் மங்கி, அத்தனை அழகாக விழுந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு இருட்டு தன் கையிலிருந்து வந்ததில்லை என்று பூரித்துப்போனாள்.

சரியாக இருக்கிறதா என்று நிமிர்ந்து பார்த்தாள். கரையடியில் இருந்த திட்டு, தான் வைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. அளவு தப்பிவிட்டது என்று இன்னும் கொஞ்சம் கருநீலம் சேர்த்தாள். மறுபடி நிமிர்ந்தாள். அது இன்னும் பெரிதாகியிருந்தது.

"அக்கா, அந்த நிழல் நகருதா?"

"வெயிலே இல்ல, நிழலுக்கு எங்க போற?"

சொன்ன கமருன்னிஸாவே சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினாள்.

மது பலகையை வைத்துவிட்டு வரப்பில் இறங்கி நடந்தாள். பாதி தூரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கரையடியில் மண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர் அல்ல. கலங்கிய, மண்ணைக் கரைத்துக்கொண்டு வரும் தண்ணீர். காய்ந்து கிடந்த கரையின் சரிவு அவள் பார்க்கப் பார்க்கக் கறுத்துக்கொண்டே மேலே ஏறியது.

கத்த வேண்டும் என்று தெரிகிறது. வாய் திறந்திருக்கிறது. சத்தம் வரவில்லை. அவளுக்குப் பின்னால், மதகின் மேல், கமருன்னிஸா ஸ்கூட்டர் ஹாரனை விடாமல் அழுத்த ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்தில்தான் மதுவுக்குக் குரல் வந்தது. வார்த்தையாக அல்ல, வெறும் ஓலமாக.

களை எடுத்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"என்னம்மா, பாம்பா?" என்று கேட்டாள் முன்னால் நின்றவள். வேம்பு என்று பெயர். அந்த ஆட்களைக் கூட்டி வந்தவள்.

மது கையை நீட்டினாள். வேம்பு திரும்பிப் பார்த்தாள். கையிலிருந்த களை நழுவியது.

"ஏறுங்கடி! ரோட்டுக்கு ஏறுங்க! கரை உடைப்பெடுக்குது!"

சேற்றில் ஓட முடியாது. முழங்கால் வரை இழுக்கிற சேறு. விழுந்து, எழுந்து, ஒருத்தி சேலையை ஒருத்தி பிடித்துக்கொண்டு வந்தார்கள். கடைசியாக வந்த ஆனந்தம் என்பவளுக்கு ஒரு கால் புதைந்துகொண்டது. மது வயலுக்குள் குதித்தாள். ஆனந்தத்தின் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். வரவில்லை. வேம்பு மறுகையைப் பிடித்தாள். இருவருமாக இழுத்ததில் மூவரும் சேற்றில் மல்லாந்தார்கள். எழுந்து, ஆனந்தத்தைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ரோட்டு மேட்டில் ஏறினார்கள்.

திரும்பிப் பார்த்தபோது கரை அங்கேயேதான் நின்றது. ஒரு கணம் மதுவுக்கு, வீணாகக் கூச்சல் போட்டுவிட்டோமோ என்று வெட்கமாகக்கூட இருந்தது.

பிறகு கரையின் நடுப்பகுதி உட்கார்ந்தது. சத்தமே இல்லாமல், அலுத்துப்போன மனுஷி உட்காருவதுபோல. அதன் மேலிருந்த பனைமரம் நின்ற நிலையிலேயே கீழே இறங்கிச் சாய்ந்தது. அதற்கப்புறம்தான் சத்தம் வந்தது. ஆறு மொத்தமும் அந்த வழியாக உள்ளே புகுந்தது. சற்று முன்பு பெண்கள் குனிந்து நின்ற இடம் பழுப்பு நுரையாகச் சுழன்றது. வரப்பில் வைத்திருந்த சோற்றுத் தூக்குகள் மிதந்து, முட்டிக்கொண்டு, காணாமல் போயின.

தண்ணீர் ரோட்டு மேட்டில் மோதி மதகுக்குள் பாய்வதை எல்லாரும் பார்த்தபடி நின்றார்கள்.

வேம்பு திடீரென்று ஆட்களை எண்ணத் தொடங்கினாள். ஒவ்வொருத்தியின் தோளையும் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஒரு ஆள் கூடுதலாக வந்தது. மறுபடி எண்ணினாள். மறுபடியும் கூடியது. "என்னடி இது, என்னடி இது," என்று நடுங்கிக்கொண்டே மூன்றாம் தடவை எண்ணும்போதுதான், தலையிலிருந்து கால் வரை சேறு பூசி நின்ற மதுவின் தோளில் கை வைத்து நின்றாள்.

"இது நீங்களாம்மா?" என்றாள். சொல்லிவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

மதியத்துக்குள் ஊரே திரண்டுவிட்டது. மணல் மூட்டையும் சவுக்குக் கட்டையும் வந்து இறங்கின. இருட்டுவதற்குள் உடைப்பை அடைத்துவிடுவார்கள் என்றார்கள். பயிர் போனது போனதுதான். யாரோ மதுவின் கையில் டீ கொடுத்தார்கள். "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவள் டீயை ஊதிக்கொண்டிருந்தாள். கரையடியில் தண்ணீர் கொப்பளித்த அந்த நேரத்தில், நிறம் அழகாகப் பரவுகிறது என்று தான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்ததை எந்த வாயால் சொல்வது? கமருன்னிஸா மட்டும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் துப்பட்டாவால் அவள் கையிலிருந்த சேற்றைத் துடைத்துவிட்டாள்.

"எல்லாரும் மேல ஏறிட்டாங்க மது. எல்லாரும்."

இருட்டுகிற நேரத்தில் கணவன் வெங்கி கார் எடுத்துக்கொண்டு வந்தான். தஞ்சாவூர் போகும் வழியில் ரோடு ஒரு வாய்க்கால் கரையை ஒட்டித் திரும்பியபோது, "வெங்கி, நிறுத்து," என்றாள் மது.

இறங்கிப் போய்க் கரையடியில் குனிந்து பார்த்தாள். காய்ந்த புல். கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். திரும்பி வந்து ஏறிக்கொண்டாள். அடுத்த கரை வந்ததும் மறுபடி, "நிறுத்து," என்றாள். வெங்கி நிறுத்தினான். இந்த முறை அவனும் இறங்கினான். மொபைல் டார்ச்சைப் போட்டு, அவள் கை வைத்த இடத்துக்கெல்லாம் வெளிச்சம் காட்டினான்.