குதிகாலில் வந்த எரிச்சல்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொள்ளம்மா, அது தூங்கினாலும் பரவாயில்லை. நம் பலகைப் பாலத்தின் கோடியில் இருக்கிற தம்ரினுக்குக் கால் போன கதையைச் சொல்கிறேன். போனதில் எவ்வளவு திரும்பி வந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தம்ரின் கடல் அட்டை எடுக்க முங்குகிறவன். படகில் காற்று இயந்திரம் ஓடும். அதிலிருந்து வரும் குழாயை வாயில் கடித்துக்கொண்டு அடிமண் வரைக்கும் போவான். அன்றைக்கு அவன் ஆழத்தில் இருக்கும்போது இயந்திரம் நின்றுவிட்டது. மூச்சுக்காக ஒரே உதையில் மேலே வந்தான். படகில் ஏறிச் சிரித்தான், கிராம்புச் சுருட்டுகூடக் கேட்டு வாங்கிக் குடித்தான். சாயங்காலம் வீட்டு ஏணியில் கால் வைத்தவன், இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லாதவன் போல் சரிந்து விழுந்தான்.

நகரத்து ஆஸ்பத்திரியில் அழுத்தக் காற்று நிரப்பிய இரும்பு அறைக்குள் பல நாள் படுக்க வைத்துப் பார்த்தார்கள். கால் அசையவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் யூலியானா அவன் மனைவி சம்சியாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“சட்டுனு மேல வந்ததுல காத்துக் குமிழி அடைச்சு முதுகுத்தண்டு நரம்பெல்லாம் அடிபட்டிருக்கும்மா. செத்துப்போன செல்லு திரும்பாது. ஆனா செத்த மாதிரி கெடக்கறது எல்லாமே செத்துடாது. சிலது மெல்ல எழுந்துக்கும்.”

“எது செத்தது, எது சும்மா கெடக்குதுன்னு பாத்துச் சொல்லிடுங்க டாக்டர்.”

“எனக்குத் தெரிஞ்சா இப்பவே சொல்லிட மாட்டேனா? தெனமும் காலை மடக்கி நீட்டி விடு. தொட்டுத் தொட்டுக் கேளு. சூடு எதையும் பக்கத்துல கொண்டு போகாத, சுட்டாலும் அவருக்குத் தெரியாது. மறுபடி கடலுக்குள்ள மட்டும் எறக்கிடாதீங்க. பொழைக்க இருக்கறதும் செத்துடும்.”

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிள்ளை பிறந்தால் நஞ்சுக்கொடியைக் கடலில் விடுகிறோம். அதுதான் அந்தப் பிள்ளையின் அண்ணன். உடம்புக்கு எது வந்தாலும் முதல் சோறும் வெற்றிலையும் அண்ணனுக்குத்தான். தம்ரினின் தாய்மாமன் காடிர் வந்து உட்கார்ந்ததும் அதைத்தான் எடுத்தார்.

“காலை அண்ணன்தான் புடிச்சு வச்சிருக்கான். அமாவாசை அன்னிக்கு இவனை அதே எடத்துல கொழாயோட எறக்கி, கேட்டு வாங்கணும். எத்தனை பேரை இப்படி எறக்கி நிமித்தியிருக்கோம்!”

“நிமிந்தவங்களையே சொல்றீங்க மாமா. மேல வராதவங்களை யாரு சொல்றது?” என்றாள் சம்சியா. “அண்ணன்னா அவரே ஏணியேறி வந்து குடுத்துட்டுப் போகட்டும்.”

“பாத்தியா ஜவோரா, உன் மருமக வாயை! இதுக்குப் பயந்துதான் உன் மவன் கடலுக்கடியிலயே குடியிருந்தான்” என்று தம்ரினின் அம்மா பக்கம் திரும்பினார் காடிர்.

தம்ரின் சிரித்தான். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டே, “எறக்குங்க மாமா. இப்படிப் படுத்துக் கெடக்கறதுக்கு அது தேவலாம்” என்றான்.

சம்சியா அவன் காலைப் பாயில் நேராக்கி வைத்தாள். “சரி. ஆனா அமாவாசைக்குள்ள காலுல எறும்பு கடிச்ச அளவுக்காவது உணர்ச்சி வந்துட்டா எறக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க” என்றாள். காடிர் சத்தியம் பண்ணினார்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் அவன் கால் விரல்களை ஈரத்துணியால் தொடுவாள், மீன் முள்ளால் மெல்லக் குத்துவாள்.

“இங்க?”

“இல்ல.”

“இங்க?”

“எனக்குத் தெரியாம என் காலைத் திருடி வித்துட்டியாடி?”

அவன் அம்மா ஜவோராவுக்கு மனசு பொறுக்கவில்லை. கால் சில்லிட்டுக் கிடக்கிறதே என்று, அடுப்பில் சுட்ட கல்லைத் துணியில் சுற்றிக் குதிகாலில் வைத்துவிட்டாள். அவன் கதை பேசிக்கொண்டிருந்தான். கறுகிய வாடை வந்த பிறகுதான் எல்லோரும் பார்த்தார்கள். குதிகால் கொப்புளித்துப் போயிருந்தது. சம்சியா புண்ணைக் கழுவினாள். மருந்து போட்டுக் கட்டினாள். ஜவோராதான் இரண்டு நாள் சோறு இறங்காமல் பாலத்தில் போய் உட்கார்ந்திருந்தாள்.

அமாவாசை வந்தது. அன்று காலையில் கேட்டதற்கும் “இல்ல” என்றுதான் சொன்னான். வீட்டுக்கு அடியில் படகு வந்து நின்றது. சம்சியா ஏணியை மறித்து நின்றாள். “வழி விடு, நானேதான் போறேன்” என்றான் தம்ரின். அவள் நகர்ந்தாள். மச்சான் ஒருவன் தோளைப் பிடிக்க, காடிர் குனிந்து கால்களைப் பிடித்துத் தூக்கினார்.

“யோவ் மாமா, விடுய்யா! எரியுது!”

படகில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டது. காடிர் பிடித்த பிடியிலேயே நின்றுவிட்டார்.

“என்ன சொன்ன?” என்று கேட்டாள் சம்சியா.

“புண்ணுல கைய வச்சு அமுக்கறாருடி! உசுரு போகுது!”

அவள் கட்டின் மேல் விரலை வைத்து இன்னொரு தரம் அழுத்தினாள். அவன் சொன்ன கெட்ட வார்த்தையைக் குழந்தைகள் இருக்கிற இடத்தில் சொல்ல மாட்டேன். ஜவோரா மகனின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். “மெதுவா அழும்மா, அதுவும் எரியுது” என்றான் அவன்.

காடிர் காலை மெல்லப் பாயில் வைத்தார். “அண்ணனே ஏணியேறி வந்து குடுத்துட்டான்” என்றார். கொண்டுவந்த சோற்றையும் வெற்றிலையையும் படகில் இறங்கி அங்கேயே கடலில் விட்டார். சம்சியாவும் ஏணியில் இறங்கி வந்தாள். தன் பங்குக்கு ஒரு பிடி சோறு அவளும் போட்டாள்.

எல்லாம் திரும்பி வந்துவிடவில்லை, கண்ணுகளா. எரிந்த அந்தக் கால் நன்றாக ஊன்றுகிறது. மற்றதை இன்றைக்கும் இழுத்துத்தான் நடக்கிறான். அதற்கான செல்கள் செத்துவிட்டன என்று டாக்டர் சொன்னார். இப்போது அவன் முங்குவதில்லை. படகில் உட்கார்ந்து இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறான். அவன் காவலில் அது ஒரு தடவைகூட நின்றதில்லை.

உங்கள் வீட்டுத் தூண்களை அலை அசைக்காமல் இருக்கட்டும். கடலுக்குப் போனவர்கள் மெல்ல மெல்ல மேலே வரட்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது வலித்தால், எங்கே வலிக்கிறது என்று கேட்க ஓர் ஆள் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.