தட்டிப் பார்ப்பவரின் காது

உருக்காலையில் பழைய இரும்பை உருக்கும் மின்சாரம் எலக்ட்ரோடு வழியாகத்தான் இறங்கும். ஆள் உயரத்தைத் தாண்டிய கரி உருளை அது. கரித்தூளையும் தாரையும் பிசைந்து, அழுத்தி உருளையாக்கி, வாரக்கணக்கில் உலையில் சுடுவார்கள். சுட்டெடுத்ததை ஒருவர் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் அடுத்த உலைக்குப் போகும். சத்தம் அமுங்கி வந்தால் உள்ளே விரிசல். சிவப்புச் சாக்கட்டியால் குறுக்கே ஒரு கோடு, நேரே அரவை எந்திரம்.

அந்த வேலையிலேயே தலை நரைத்தவரை எலக்ட்ரோடு தொழிற்சாலையில் எல்லாரும் சுத்தியல்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவருக்கு முதலில் கொசு ஊதுவது கேட்காமல் போனது. நல்லதாகப் போயிற்று என்று தூங்கினார். பிறகு வீட்டில் கூப்பிடுவது கேட்காமல் போனது. அதையும் நல்லதாகவே எடுத்துக்கொண்டார். எலக்ட்ரோடின் கணீரும் மங்கியபோதுதான் பயந்தார்.

வெளியே சொன்னால் வேலை போகும். ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தார்: சந்தேகம் வந்தால் கோடு. விரிசல் விட்டது உருக்காலைக்குப் போய் ஒடிந்தால்தானே ஆபத்து, நல்லது ஒன்றிரண்டு அரைபட்டால் யார் குடி முழுகப் போகிறது? தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வதில் மனுஷனை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒன்றிரண்டு நாளடைவில் பாதிக்குப் பாதி ஆயிற்று. அரைத்த பிறகு எது நல்லது, எது கெட்டது என்று யார் பார்க்க முடியும்?

முழுகியது மைத்துனன் குடி. சுடும் உலை அவன் பொறுப்பு.

“தம்பிய உலையிலேர்ந்து தூக்கிட்டாங்க” என்றாள் மனைவி, சாப்பாட்டுத் தட்டை வைத்த கையோடு அவர் முகத்துக்கு நேரே நின்று. “சூட்டை அவசரமா ஏத்தி எல்லாத்தையும் விரிய விடுறானாம். நாளையிலேர்ந்து அரவைக் கொட்டகைக்குப் போகணுமாம். இழுப்புக்காரன், அந்தத் தூசியில அவன் நெஞ்சு தாங்குமாங்க?”

சில மாதங்களாக அவள் இப்படி முகத்துக்கு நேரே நின்றுதான் பேசுகிறாள். பாசம் கூடிவிட்டது என்று நினைத்திருந்தார்.

தட்டைத் தள்ளி வைத்தார். சூட்டை மளமளவென்று ஏற்றினால் தாரிலிருந்து கிளம்பும் வாயு உருளையைப் பிளந்துகொண்டுதான் வரும், உண்மை. ஆனால் மைத்துனன் அப்படிச் செய்கிறவன் இல்லை. பச்சைப்பிள்ளைக்குப் பால் புகட்டுவது போல உலைக்குச் சூடு ஏற்றுகிறவன். இது ஊருக்கே தெரியும். அவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். வெட்கம் பிடுங்கித் தின்றது.

காலையில் உலை மேடைக்குப் போனார். மைத்துனன் தன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான்.

“மாப்ள, உன் உலையில ஒரு குத்தமும் இல்ல. எனக்குத்தான் காது போச்சு.”

அவன் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் காதருகே வந்தான். “தெரியும் மாமா. உங்க வீட்டு டிவி தெருவுக்கே கேக்குது.”

“தெரிஞ்சா ஏன்டா வாயை மூடிக்கிட்டு இருந்தே?”

“எனக்கு இந்த வேலை இல்லன்னா இன்னொண்ணு. நான் மூஞ்சில துணியக் கட்டிக்கிட்டு ஓட்டிடுவேன். காது போனா உங்கள வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அப்புறம் அக்கா என்ன பண்ணும்?”

சுத்தியல்காரருக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. இரண்டு அறை விடலாமா என்றிருந்தது. கண் வேறு கலங்கித் தொலைத்தது. அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு நடந்தார்.

“சார், கழிச்சதுல பாதி நல்ல எலக்ட்ரோடு. எனக்குக் காது கேக்கல. பயந்து போய்க் கோடு போட்டேன்.”

மேனேஜர் பேனாவைத் திறந்தார், மூடினார். பிறகு மேசையைப் பார்த்தபடி நிறையப் பேசினார். குனிந்து பேசுகிறவரின் உதட்டை எங்கே படிப்பது? சுத்தியல்காரர் மைத்துனன் பக்கம் திரும்பினார்.

“என்னடா சொல்றாரு?”

“ஒண்ணும் இல்ல மாமா, யோசிப்போம்னு...”

“மாத்திச் சொல்லாத. அவர் சொன்னத அப்படியே சொல்லு.”

“சுத்தியல இங்கயே வச்சிட்டு வீட்டுக்குப் போகச் சொல்றாரு.”

“உலை?”

“எனக்கே.”

சுத்தியல்காரர் இடுப்பிலிருந்து சுத்தியலை உருவி மேசைமேல் வைத்தார். வெளியே வந்ததும் மைத்துனன் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

“சாயங்காலம் வீட்டுக்கு வா. உங்க அக்காகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா அவ என்ன சொல்லி அழுவுறான்னு எனக்குக் கேக்காது.”