பதினொரு மணிக்கு யார் மாற்றியது

என் வீட்டு டிவிக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. போன விடுமுறையில் நானே மாட்டியது. அங்கே ஓடும் சேனல் இன்டர்நெட் வழியாக இங்கே, நான் வேலை பார்க்கும் வடநாட்டு ஊரில், என் டேப்லெட்டிலும் ஓடும், எட்டுப் பத்து விநாடி பின்தங்கி. இங்கிருந்தே சேனலையும் மாற்றலாம். ஆனால் நான் மாற்றினால் அங்கேயும் மாறும். அங்கே மாற்றினால் இங்கேயும் மாறும்.

மூன்று வாரமாகப் பகல் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் லிஃப்ட் மெக்கானிக். பழுதுபார்க்கும்போது கதவு நசுக்கியதில் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. வேலையில் வைத்துக்கொள்வதா, ஊருக்கு அனுப்புவதா என்று கம்பெனி இன்னும் வாய் திறக்கவில்லை. முடிவு தெரியாமல் வீட்டில் சொல்வானேன்? போன் கேமரா கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டுக் குரலை மட்டும் காட்டி வந்தேன்.

பகலில் வீட்டில் யாரும் கிடையாது. மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், மகள் பள்ளிக்கூடத்தில். டிவித் திரையை அணைத்தாலும் சேனல் பெட்டி அணையாது. அதனால் நான் பார்ப்பது ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது என்று இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, நான் பார்த்துக்கொண்டிருந்த கிரிக்கெட் போய் ஒரு முதலை வந்தது.

நான் தொடவே இல்லை. திரும்பக் கிரிக்கெட் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் முதலை. யாரோ என் வீட்டில் ரிமோட்டோடு உட்கார்ந்திருக்கிறான்! பத்து தடவை மாற்றினேன், அவனும் பத்து தடவை மாற்றினான். எவ்வளவு கொழுப்பு இருந்தால் இப்படி எதிர்த்து நிற்பான்?

மாடி வீட்டுக்காரரிடம் இன்னொரு சாவி உண்டு. ஆனால் அந்த மனிதருக்குச் செய்தியைத் தவிர வேறெதுவும் பிடிக்காது. பிறகு யார்? புதனும் அதே பதினொரு மணி, அதே கூத்து. என் நாற்காலியில் எவனோ கால்மேல் கால் போட்டிருப்பது கண்ணிலேயே நின்றது. 'குறட்டை' என்று நாங்கள் கூப்பிடும் அறைத் தோழன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வீட்டுக்காரம்மாகிட்டயே கேட்டுடேன்" என்றான். அவனுக்கென்ன, கல்யாணம் ஆகாதவன்.

வியாழக்கிழமை முதலை வந்ததும் மனைவியைப் போனில் அழைத்தேன்.

"எங்க இருக்கே?"

"வேலையிலதாங்க. ஏன்?"

அவள் குரலுக்குப் பின்னால் சோப்பு விளம்பரப் பாட்டு மெல்லக் கேட்டது. நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்பது வந்தபோது என் டேப்லெட்டிலும் அதே பாட்டு.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

"பொய் சொல்லாதே. நீ வீட்டுல இருக்கே. உன்கூட யாரு இருக்கா?"

அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஆமா, வீட்டுலதான் இருக்கேன். தனியாதான் இருக்கேன். மூணு நாள் லீவு போட்டுட்டு இந்தப் பொட்டியையே பாத்துட்டு உக்காந்திருக்கேன்" என்றாள். "போன வாரம் தலைவலின்னு பாதியில வந்தேன். டிவி போட்டா சேனல் தன்னால மாறுது. பேயா பிசாசா? இதை மாத்தத் தெரிஞ்சது உலகத்துலயே உங்களுக்கு மட்டும்தான். நீங்க பகல் பதினொரு மணிக்கு லிஃப்ட் கூண்டுக்குள்ளதானே இருக்கணும்? இங்க பதினொண்ணுன்னா அங்கயும் பதினொண்ணுதானே? உங்க ரூம்ல உக்காந்து என் டிவியைப் பாக்கறவ யாரு?"

அவளைக் கேள்வி கேட்கப் போய், நானே போய் வலையில் விழுந்திருக்கிறேன்.

"யாரும் இல்லம்மா. நான்தான்."

"வேலைக்குப் போகலையா?"

"இல்ல."

"எத்தனை நாளா?"

"மூணு வாரம்."

கேமரா கெட்டதும் மூன்று வாரம்தான். அவள் கூட்டிக் கழித்துவிட்டாள் என்பது மூச்சிலேயே தெரிந்தது.

"வீடியோல வாங்க."

"கேமராதான்..."

"வாங்கன்னு சொல்றேன்."

வந்தேன். முகத்தை மட்டும் காட்டினேன். தினமும் ஐம்பது பேர் கையைப் பிடித்து ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள் அவள். யார் எதை ஒளிக்கிறார்கள் என்று தெரியாதா?

"இடது கையில போனைப் பிடிச்சிருக்கீங்க. வலது கையைக் காட்டுங்க."

தூக்கிக் காட்டினேன். துணிக்கட்டைப் பார்த்தாள். மீதி விரல்களை எண்ணுவது உதட்டசைவில் தெரிந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பின்னால் எங்கள் டிவி ஓடிக்கொண்டே இருந்தது.

"எவளாவது இருந்திருக்கக் கூடாதா?" என்றாள். "சண்டை போட்டே தீர்த்திருப்பேனே."