வலது இறக்கையில் ஐஸ்

1988ஆம் வருடம், மே மாதக் கடைசி. ஷார்ஜாவில் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் சர்புன்னிசா படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த சாயங்காலம் அவளுக்கு டிரங்க் கால் வந்தது. மரக்காணத்திலிருந்து தம்பி ஃபைசல் பேசினான்.

"அக்கா, அத்தா மௌத்தாயிட்டாரு."

மளிகைக் கடையை மூடிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த அத்தா ஜெய்னுலாப்தீன், தட்டுக்கு முன்னாலேயே சாய்ந்துவிட்டாராம். சர்புன்னிசா ஒன்றுதான் கேட்டாள். "நான் வர்ற வரைக்கும் வச்சிருப்பீங்களாடா?"

"நாளைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் ஜமாத்துல கேட்டிருக்கேன். அதுக்கு மேல தாங்காதுக்கா. வெயில் அப்படி இருக்குது."

மேலதிகாரி மனசு வைத்ததால் விடியற்காலை விமானத்தில் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தாள். மெட்ராஸ் போகும் பெரிய விமானம் அன்றைக்கு ரத்து. ஒரு தனியார் கம்பெனியின் சின்ன விமானத்தில் கடைசியாக ஒரு இடம் இருந்தது. இரண்டு இன்ஜின், ஒன்பது இருக்கை.

ஏறும்போதே விமானியிடம் விஷயத்தைச் சொன்னாள். கேப்டன் இருசப்பன் ஐம்பது வயதுக்காரர், விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"மரக்காணமா? நான் பிரம்மதேசம்மா, உங்களுக்குப் பக்கத்துல. ஒரு மணிக்கெல்லாம் மெட்ராஸ்ல இறக்கி விட்டுடறேன். கார் புடிச்சீங்கன்னா அத்தா முகத்தைப் பாத்துடலாம். கவலைப்படாம உக்காருங்க."

அவள் முதல் இருக்கையில் உட்கார்ந்தாள். விமானிகளுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு திரை மட்டும்தான், அதுவும் ஒதுக்கி விடப்பட்டிருந்தது. பக்கத்தில் அம்சவள்ளி என்ற இளம்பெண், மடியில் கைக்குழந்தை.

திருச்சியைத் தாண்டியதும் எதிரே மேகம் கறுப்புச் சுவர் மாதிரி நின்றது. துணை விமானி தௌபீக், பாண்டிச்சேரிப் பையன், மெதுவாகச் சொன்னான்: "சார், கடல் பக்கமா சுத்திப் போயிடலாமா? முக்கால் மணி நேரம் கூட ஆகும்."

இருசப்பன் ஒரு முறை திரும்பி சர்புன்னிசாவைப் பார்த்தார். பிறகு, "மேல ஏறித் தாண்டிடலாம்" என்றார்.

ஏறினார்கள். மேகம் அவர்கள் நினைத்ததைவிட உயரம். உள்ளே நுழைந்ததும் ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை, இறக்கையைத் தவிர. அதன் முன் விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிந்துகொண்டே வந்தது. சர்புன்னிசாவுக்கு அது என்னவென்று புரியவில்லை. கீழே ஊரே வெந்துகொண்டிருக்கும் மே மாதத்தில், வானத்தில் ஐஸ் பிடிக்கும் என்று அவள் கேள்விப்பட்டதேயில்லை.

இறக்கையின் விளிம்பில் ஒட்டியிருந்த ரப்பர் பட்டை, காற்று ஏறினால் உப்பி, படிந்த ஐஸை உடைத்துத் தள்ளும். காலையில் சோதித்தபோது இரண்டு பக்கமும் ஒழுங்காக உப்பியிருந்தன. தௌபீக் சுவிட்சைப் போட்டான். இடது இறக்கையிலிருந்து ஐஸ் சில்லுசில்லாகப் பறந்தது. வலது இறக்கையில் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் போட்டான். கையால் இயக்கும் சுவிட்சை அழுத்திப் பிடித்தான்.

"சார், வலது பக்கம் ஊதல. பிரஷரே ஏற மாட்டேங்குது."

இருசப்பன் உடனே ஆட்டோபைலட்டை அணைத்துவிட்டுக் கட்டுப்பாட்டைக் கையில் எடுத்தார். "இத போட்டிருந்தா ரெக்கை எவ்வளவு கனத்துப் போச்சுன்னு நமக்குத் தெரியாது. வேகத்தைப் பாத்துச் சொல்லிக்கிட்டே இரு. குறையவே கூடாது. ஃப்ளாப்பைத் தொடாத."

"சரி சார்."

"மெட்ராஸுக்குச் சொல்லு. ஐஸ் எடுக்கிறது வேலை செய்யல, எமர்ஜென்சி. கடலுக்கு மேல திரும்பிக் கீழ இறங்குறோம்."

விமானம் வலப்பக்கம் சாய்ந்து மெல்லத் திரும்பியது. தன் வழி மாறுவது சர்புன்னிசாவுக்குப் புரிந்தது. எழுந்து நின்று கத்தினாள்.

"ஏன் சார் திரும்புறீங்க? நேராப் போங்க சார்! எங்க அத்தாவை எடுத்துடுவாங்க சார்!"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "முடியாதும்மா. இந்த மேகத்துல இன்னும் கொஞ்சம் இருந்தா யாருமே வூடு போய்ச் சேர மாட்டோம். உக்காருங்க."

அந்த நேரத்தில் விமானம் ஒரு குலுக்கு குலுக்கி வலப்பக்கம் தாழ்ந்தது. வாந்தியெடுக்கக் குனிந்திருந்த அம்சவள்ளியின் மடியிலிருந்து குழந்தை நழுவியது. சர்புன்னிசா பாய்ந்து அதைப் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டு இருக்கையில் விழுந்தாள். பெல்ட்டை இழுத்து மாட்டினாள். புரொப்பெல்லரிலிருந்து தெறித்த ஐஸ் கட்டிகள் விமானத்தின் பக்கவாட்டில் சம்மட்டி போல அடித்தன. பின்னால் யாரோ ஓவென்று அலறினார்கள். குழந்தையின் காதைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டு கலிமா சொன்னாள். அந்தச் சில நிமிஷங்களில் அத்தாவின் நினைப்பே அவளுக்கு வரவில்லை.

சட்டென்று வெளிச்சம். மேகத்துக்குக் கீழே வந்திருந்தார்கள். வலது இறக்கையிலிருந்த ஐஸ் உருகிக் கசிந்து, பாளம் பாளமாகக் கழன்று கடலில் விழுந்தது. இருசப்பன் முதுகுச் சட்டை முழுவதும் நனைந்திருந்தது.

ஆனால் மெட்ராஸ் மேல் இடிமழை நின்றுகொண்டிருந்தது. கெட்டுப்போன இறக்கையோடு மறுபடி மேலே ஏற வழியில்லை. மழை விலகும் வரை கடல்மேல் வட்டமடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

விமானம் திரும்பும்போதெல்லாம் ஜன்னலில் கரை வந்து போனது. கட்டம் கட்டமாக உப்பளம். அதற்கப்பால் தென்னை, ஓட்டு வீடுகள், கட்டைவிரல் நகம் அளவுக்குப் பள்ளிவாசல் மினாரா.

"தம்பி, அது..."

"மரக்காணந்தாங்க அக்கா" என்றான் தௌபீக்.

தூங்கிவிட்ட குழந்தையைத் தாயிடம் கொடுக்காமல் மடியில் வைத்தபடியே, சர்புன்னிசா அத்தாவுக்காகத் தெரிந்த வரை யாசீன் ஓதினாள்.

மழை விலகி மீனம்பாக்கத்தில் இறங்கினார்கள். இறங்கும்போது வேகத்தைக் குறைக்கிற ஃப்ளாப்பைப் போடாமல், வழக்கத்தைவிட வேகமாக, ஓடுபாதையின் கடைசி வரை ஓடி நின்றது விமானம். இருசப்பன் அவளிடம் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அவள் கார் தேடி ஓடிவிட்டாள்.

பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லும்போது கார் தெருவுக்குள் நுழைந்தது. வாசலில் நின்ற ஃபைசல் தலையைக் குனிந்துகொண்டான்.

"எடுத்தாச்சுக்கா. பக்கத்து வூட்டுப் பக்கிரி மீன் ஏலக் கூடத்துலேர்ந்து ரெண்டு தடவ ஐஸ் கொண்டாந்து வச்சான். நிக்கல. ஏர்போர்ட்டுக்குப் போன் போட்டதுக்கு, மெட்ராஸ்ல மழை, பிளேன் எப்ப வரும்னு தெரியலன்னு சொன்னாங்க. எல்லாரும் எடுத்துடலாம்னுட்டாங்க."

அவள் அழவில்லை. "கபுருக் குழியில எறக்குனது யாரு?" என்று மட்டும் கேட்டாள்.

"நான்தான்க்கா."

அவன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். அம்மாவைப் பார்த்த பிறகுதான் அழுதாள்.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்த பிறகு, இருசப்பன் வீடு தேடி வந்தார். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் அவருக்கு நாற்காலி போட்டார்கள். சர்புன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவோரம் வந்து நின்றாள்.

"உங்களுக்கு நான் வாக்கு குடுத்திருக்கக் கூடாதும்மா" என்றார் அவர். "அதுக்காகத்தான் மேகத்துக்குள்ள போனேன். அந்தப் பையன் சொன்ன மாதிரி சுத்திப் போயிருந்தா ஒருவேளை நீங்களும் முகம் பாத்திருக்கலாம்."

அவளுக்குக் கோபம் இல்லையென்று சொன்னால் பொய். மூன்று நாளாக ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அவரை மனசுக்குள் திட்டியிருக்கிறாள். ஆனால் அந்தக் குழந்தையின் கனமும் கையிலேயே இருந்தது.

"என்னைப் பாவம்னு நெனச்சு உள்ள போனீங்க. நான் கத்தும்போது திரும்பிப் பாக்காம வெளிய வந்தீங்க. மொத செஞ்சதுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல சார். ரெண்டாவது செஞ்சதுக்கு நீங்க நல்லா இருக்கணும்."

இருசப்பன் கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கிளம்பும்போது, "கபுர்ஸ்தானுக்கு நான் போலாமா?" என்று ஃபைசலிடம் கேட்டார்.

"வாங்க சார், கூட்டிட்டுப் போறேன்."

அவர்கள் படியிறங்கியபோது சர்புன்னிசா பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"சார், எங்கள்ல பொம்பளைங்க அங்க போறதில்ல. எனக்காக ஒரு கைப்பிடி மண்ணு போட்டுட்டு வாங்க."

கொஞ்ச நேரத்தில் அவர் திரும்பி வந்தார். தண்ணீர்ச் சொம்பை நீட்டியபடி, "போட்டீங்களா?" என்று கேட்டாள்.

"போட்டேம்மா. தலைமாட்டுல போட்டேன்" என்றார் இருசப்பன். சொம்பை வாங்கிக்கொண்டு வாசலோரம் குந்தி உட்கார்ந்து, மண் ஒட்டிய கையை நிதானமாகக் கழுவினார்.