சுழலாத கருந்துளையிடம் ஒரு கேள்வி

பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் உரை. துறை வாசலில் அறிவிப்பும் ஒட்டியாகிவிட்டது: ‘வேகமாகச் சுழலும் கருந்துளை தன்னைத்தானே குலைத்துக்கொள்ளும்.’ ஒட்டியவன் என்னோடு ஆய்வு செய்பவன். எதிலும் அவசரம் என்பதால் துறையில் அவன் பெயரே புயல்.

காலை பத்து மணிக்குத்தான் அவனுடைய வரைபடத்தை என்னிடம் காட்டினான்.

கண்ணாடித் தம்ளரை ஸ்பூனால் தட்டினால் ஒலி எழும்பும், பிறகு அடங்கும். கருந்துளையும் அப்படித்தான். அதில் ஏதாவது விழுந்தால் சுற்றியுள்ள வெளி சற்று அதிரும்; அதிர்வில் ஒரு பங்கு உள்ளே விழுந்துவிடும், மீதி வெளியே பரவிப் போய்விடும். புயலின் வரைபடத்தில் அதிர்வின் அளவைக் காட்டும் கோடோ அடங்காமல் ஏறிக்கொண்டே போனது.

“சுழற்சிய பூஜ்யமா வச்சுப் பாத்தியா?”

“சுழலாத கருந்துளையா? அதுக்கு விடைதான் எல்லாருக்கும் தெரியுமே அக்கா.”

“அதனாலதான் கேக்கறேன்.”

புதிய இடத்துக்குப் போகும் கணக்கைத் தெரிந்த தெருவில் ஒருமுறை நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். சுழலாதது அடங்கும் என்பது எப்போதோ நிறுவப்பட்டுவிட்டது. புயல் பூஜ்யத்தைப் போட்டான். கோடு அப்போதும் ஜம்மென்று மேலே ஏறியது.

“கோளாறு கருந்துளைல இல்ல, நம்மகிட்ட. நோட்டை எடு.”

அரைமணி நேரத்தில் அகப்பட்டது. அதிர்வை எழுதும்போது காலத்துக்கு முன்னால் கழித்தல் குறி போடுகிறவள் நான். அவன் கூட்டல் போடுகிறவன். கலக்காதவரை இரண்டும் சரி. என் நோட்டிலிருந்து எண்களை எடுத்தவன், தன் வழக்கப்படி வாசித்துவிட்டான். அடங்குவது வளர்வதாகிவிட்டது.

“ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சிட்டேனே. உடம்பு சரியில்லன்னு சொல்லி ஒத்திவச்சிடலாமா?”

“யாருக்கு உடம்பு சரியில்ல? உனக்கா, கருந்துளைக்கா?” என்றேன். “எண்ணெல்லாம் சரி, வாசிச்சதுதான் தப்பு. நம்ம தப்ப நாமே சொன்னாத்தான் மீதிய நம்புவாங்க. நீயே பேசு.”

மூன்று மணிக்கு அரங்கு நிறைந்திருந்தது. துறைத்தலைவர் ஆரம்பத்திலேயே கேட்டுவிட்டார்: “எப்பப்பா குலையப்போகுது?”

“குலையாது சார். காலைல வரைக்கும் நான்தான் தப்பா நினைச்சிட்டிருந்தேன்.” சுழலாத கருந்துளையின் தவறான கோட்டைத் திரையில் போட்டு, குறிகள் கலந்த கதையைச் சொன்னான். சிரித்தார்கள், அவனும் சிரித்தான்.

“ஆனா வேகமா சுழல்றது அடங்க ரொம்ப நேரம் எடுத்துக்கும். எவ்வளவு நேரம்ங்கறதுதான் நாங்க கணக்கிட்டது.”

மேஜையில் இருந்த தம்ளரைத் தட்டினான். அடுத்த படத்துக்குத் தாவாமல், ஒலி முழுக்க அடங்கும்வரை காத்திருந்தான்.