கிக்வி மது

அரியரத்தினத்துக்கு வாய் மட்டும் முற்போக்கு. கனடாவுக்கு வந்த பிறகு ஆர் சாதி பார்க்கிறது என்று கேட்காத நாளில்லை. கேட்ட கையோடு, தங்கச்சி சிவமலரைக் கட்டப்போகிற கணேசலிங்கத்திடம் தகப்பனுக்கு என்ன தொழில் என்று விசாரித்தும் வைத்தான். தபால்கந்தோர் கிளாக்கர் என்று கணேசலிங்கம் பொய் சொன்னான். எண்பத்தேழில் ஊர் சண்டையில் எரிந்துகொண்டிருந்தது, கடிதம் போட்டு விசாரிக்க வழியில்லை. வாற ஆவணியில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் அவர்கள் இருந்தது வாக்தாங் என்ற ஜோர்ஜியக் கிழவரின் வீடு. அண்ணனும் தங்கையும் மேல்மாடியில், கணேசலிங்கம் நிலவறையை ஒட்டிய அறையில். கிழவர் பின்வளவில் கிக்வி என்ற திராட்சைக்கொடி வளர்த்தார். அவருடைய நாட்டிலேயே அது அரிது. நிலவறை மண்தரையில் ஒரு பெரிய சாடி கழுத்துவரை புதைந்திருந்தது. அந்த வெள்ளைத் திராட்சையைத் தோல் விதையோடு மிதித்து அதற்குள் விட்டு மூடினால், பனி கரையும்போது தேன் நிறத்தில் மது வரும்.

அந்தப் புரட்டாதியில், சாடியை நிரப்பிய மறுநாள், கிழவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். சாடிக்குள் மிதந்து எழும் தோலை நாளுக்கு நாலு தரம் தடியால் அமுக்க ஆள் வேண்டியிருந்தது. அரியரத்தினம் மூக்கைப் பொத்திக்கொண்டான். கணேசலிங்கம் இறங்கினான். அவனுக்கு அது அப்புவின், பெற்ற தகப்பனின், மணம். ஒவ்வொரு முறையும் சாடி வாயில் காதை வைத்துக் கேட்பான். நுரைக்கிற இரைச்சல் அடங்கிய அன்று ஒரு கோப்பையில் அள்ளிக்கொண்டு மேலே கிழவரிடம் போய், இனி மூடலாம் என்றான். கிழவர் ஒரு வாய் குடித்துப் பார்த்து அசந்துபோனார். இதை எங்கே படித்தாய் என்று கேட்டார்.

வெள்ளைக்காரக் கிழவனுக்கு எங்கள் ஊர்ச் சங்கதி என்ன விளங்கப்போகிறது என்று நினைத்தான் கணேசலிங்கம், விசரன். விமானம் ஏறிய நாள்முதல் ஒருவருக்கும் சொல்லாததைச் சொன்னான். அப்பு பனை ஏறிக் கள்ளுச் சீவினவர், கள்ளு ஊறும் முட்டிப்பானையில் காதை வைத்தே பதம் சொல்லுவார். சொல்லும்போது பெருமையாக இருந்தது.

சித்திரையில் சாடி திறந்த அன்று கிழவர் எல்லோரையும் கீழே கூப்பிட்டார். சிவமலர் மூன்று கிளாஸ் கொண்டுவந்து வைத்தாள். குடிக்க முன்னம் வாழ்த்துச் சொல்வது கிழவரின் நாட்டு வழக்கம். இந்த மது இவனுடையது, இவன் தகப்பன் மரமேறிக் கள் இறக்கிய பெருங்கலைஞன், அந்தப் பரம்பரைக்குப் பெண் கொடுக்கிற நீங்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, தெளிவாகச் சொன்னார்.

அரியரத்தினம் கணேசலிங்கத்தின் பக்கம் திரும்பவேயில்லை. தங்கச்சியிடம் சொன்னான்:

"ரண்டு கிளாஸ் காணும்."

கணேசலிங்கம் சிவமலரைப் பார்த்தான். ஏழு மாதமாக அவனுக்கென்று மீன்பொரியல் எடுத்துவைத்தவள், ஒரு சொல்லாவது சொல்வாள் என்று நம்பினான். அவள் ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு மேலே போனாள். திரும்பி வந்தபோது கையில் வெறும் ஜாம் போத்தல் இருந்தது. அதை ஒருவரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் கைபடாதபடி தரையில் வைத்தாள். ஊரில் வேலிக்கு வெளியே நிறுத்தி அப்புவுக்குத் தேத்தண்ணி ஊற்றியதும் இப்படியொரு போத்தலில்தான்.

கிழவர் இதென்ன என்று கேட்டார்.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஊர் மரியாதை என்றான் அரியரத்தினம்.

கிழவர் மகிழ்ந்துபோய், சிரமப்பட்டுக் குனிந்து, தன் கையாலேயே போத்தலை நிரப்பினார். முதல் வாய் நீதான் குடிக்கவேண்டும் என்றார். கணேசலிங்கத்துக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. போத்தலை எடுத்துக் குடித்தான்.

மது திறமாக வந்திருந்தது.